குளியலறைக் காற்று வெளியே போகிறதா?

நம்மவர்களில் கடைவீடு வைத்திருப்போரும், தாமான்களில் வீடு வாங்கிக் குடியேறியிருப்போரும் இக்காலத்தில் குளியலறைக்கு எக்ஸாஸ்ட் காற்றாடி ஒன்று பொருத்தாமல் விடுவதில்லை. நல்ல காரியந்தான். ஆனால், பொருத்தியவரைப் பார்த்து, "இது இழுக்கும் காற்று எங்கே போய் விழுகிறது?" என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரிவதில்லை. "மேலே போகிறது" என்பார்கள். மேலே என்றால் எங்கே? சீலிங் பலகைக்கு மேலா, கூரைக்கு வெளியிலா? இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசமே இக்கட்டுரையின் விஷயம்.

நாம் இஞ்சினியர் அல்லோம். இரும்புச் சாமான் கடை நடத்துகிறோம். காற்றாடி வாங்க வருகிறவர் அதற்குக் குழாய் கேட்பது அரிது என்பதை நெடுநாளாகக் கண்டு வருகிறோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், சீலிங்கில் சதுரமாக ஓர் ஓட்டை வெட்டி, அதில் காற்றாடியைச் செருகி, சுவிட்சைப் போட்டுச் சுற்றுகிறதா என்று பார்ப்பதோடு வேலை முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள். குழாய் விற்பதற்காக எழுதுவதாக எவரும் நினைக்க வேண்டாம்; அதில் கிடைக்கும் லாபம் சொற்பம்.

முதலில் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். காற்றாடி ஈரத்தை அழிப்பதில்லை. ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோரிடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. சரக்கை லாரியில் ஏற்றினால் அது ஏதேனும் ஒரு கிடங்கில் இறங்கித்தானே ஆகவேண்டும்? குளியலறையில் ஏற்றிய ஈரத்தை நம் தலைக்கு மேலுள்ள கூரை இடுக்கில் இறக்கினால், அறை காய்ந்ததுபோல் தோன்றும், வீடு காயவில்லை.

கணக்கைப் பாருங்கள். 30 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் தண்ணீரை ஆவியாகத் தாங்கும். அதே காற்று 24 டிகிரிக்குக் குளிர்ந்தால் 22 கிராமுக்கு மேல் தாங்காது. மிச்சமுள்ள 8 கிராம், குளிர்ந்த இடத்தில் தண்ணீராகப் படிந்துவிடும். சிறிய காற்றாடி ஒன்று மணிக்கு 85 கன மீட்டர் காற்றைத் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். வெந்நீரில் குளித்தபின் 20 நிமிடம் ஓடினால் 28 கன மீட்டர். அந்தக் காற்று ஆவி நிறைந்ததாக இருந்தால் சுமார் 225 கிராம், அதாவது கால் லிட்டருக்குச் சற்றுக் குறைந்த தண்ணீர். இது கணக்கின் உச்சம், நடைமுறையில் குறையலாம். ஆயினும் வீட்டில் ஆறு பேர், மாடியில் வேலையாட்கள் எட்டுப் பேர் என்று குளிக்கும் கடைவீடுகளில் இது எத்தனை மடங்காகும் என்பதைக் கடைக்காரருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

"இது வெப்ப நாடு, பனி பெய்யும் சீமைகளில்தானே ஆவி கூரையில் உறையும்? நமக்கென்ன?" என்று சிலர் வாதிப்பதுண்டு. பாதி உண்மை. சீமையில் கூரைப் பலகை நாள் முழுதும் குளிர்ந்திருக்கும்; அங்கே கேடு விரைவில் தெரியும். ஆனால் நமது ஊரில் தகரக் கூரை உண்டு. மேகமில்லாத இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். விடியலில் மோட்டார் வண்டியின் கூரைமேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்பது இதனால்தான். தகரம் அதிகமாகக் குளிர்ந்திருக்கும் நேரம் விடியற்காலம். நம்மவர் வீடுகளில் சுபுஹுக்கு முன் எழுந்து குளிப்பதும் ஒலுச் செய்வதும் அந்த நேரமே. சூடான ஈரக்காற்றைச் சரியாக அந்த வேளையில் அந்தத் தகரத்தின் அடியில் அனுப்பினால் என்ன ஆகும்? அடிப்புறத்தில் வியர்த்து, சட்டத்தில் வழிந்து, சீலிங் பலகைமேல் சொட்டும். அத்துடன் ஏர்கண்டிஷன் போட்ட அறையின் சீலிங்கும் அடுத்தாற்போல் இருந்தால், அந்தக் குளிர்ந்த பலகையின் மேல்புறத்திலும் ஈரம் படியும். மேலும், நமது ஊரில் வெளிக்காற்றிலேயே ஈரம் அதிகம். சிங்கப்பூரில் வருடச் சராசரி 80 சதவிகிதத்துக்கும் மேல். நனைந்த மரம் தானாகக் காய்ந்துவிடும் என்று எதிர்பார்க்க இந்தச் சீதோஷ்ணம் இடங்கொடாது.

மலேசியாவின் வடபகுதி ஊரொன்றில் நமக்குத் தெரிந்த துணி வியாபாரி ஒருவர் பட்ட பாட்டை இங்கே சொல்லலாம். கடைக்கு மேல்மாடியில் வேலையாட்களுக்காக நான்கு அறைகள், இரண்டு குளியலறைகள். பின்புற அறையில் சரோங்குக் கட்டுகளும் பருத்தித் துணிகளும் மரத் தட்டுகளில் சீலிங் வரை அடுக்கியிருக்கும். சில மாதங்களில் அவ்வறையில் ஒரு வாடை. பிறகு சீலிங்கில் பழுப்புக் கறை. ஓடு ஒழுகுகிறதென்று ஆள்வைத்து ஓட்டை மாற்றினார். கறை பெரிதாயிற்று. மீண்டும் கூரையேறி, தார் பூசினார்கள். அதற்கும் கூலி. கறை நின்றபாடில்லை. மேல்தட்டுக் கட்டுகளைப் பிரித்தபோது மடிப்புகளில் கறுப்பும் பழுப்புமாகப் புள்ளி விழுந்திருந்தது. பெருநாள் வியாபாரத்துக்கென்று இறக்கி வைத்த சரக்கு. பாதி விலைக்குத் தள்ளினார். பிறகு ஒரு முதிய தச்சர் வந்து, அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "மழை பெய்யாத வாரத்திலும் இந்தக் கறை ஈரமாக இருக்கிறதா?" இருந்தது. பலகையைக் கழற்றிப் பார்த்தால், இரண்டு குளியலறைக் காற்றாடிகளும் சீலிங்குக்கு மேலேயே வாயைத் திறந்துகொண்டு ஊதிக்கொண்டிருந்தன. சட்டத்தில் கரையான் புற்றும் ஏறியிருந்தது. நனைந்த மரத்தைக் கரையான் விரும்பி வரும் என்பது தெரிந்ததே.

அத்தச்சரின் கேள்வி எல்லோருக்கும் உதவக்கூடியது. மழையோடு வந்து வெயிலோடு போகும் கறை கூரை ஒழுக்கு. மழைக்குச் சம்பந்தமின்றிக் காலையில் ஈரமாகவும் மாலையில் உலர்ந்தும் காணப்படும் கறையானால் குளியலறைப் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும்.

துணி மட்டுமல்ல. புத்தகக் கடையில் தாள் ஒட்டிக்கொள்ளும். மசாலாச் சாமான் வைத்திருப்பவருக்கு இன்னும் கவலை அதிகம்: மிளகாய், நிலக்கடலை முதலியவற்றில் ஈரம் ஏறிப் பூசணம் பிடித்தால் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகலாம், அதைச் சமைத்துப் போக்கிவிட முடியாது. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு மூச்சுத் தொல்லையும் ஆஸ்துமாவும் அதிகப்படுவதை உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டு நூலில் எடுத்துக் கூறியிருக்கிறது. மாடியில் படுத்துறங்கும் வேலையாட்கள் இருமினால், அவர்களை டாக்டரிடம் அனுப்புவதோடு சீலிங்கையும் ஒருமுறை பார்ப்பது நியாயம்.

இனி, கடைவீட்டின் விசேஷமான சங்கடத்துக்கு வருவோம். கடைவீடு என்பது குறுகலாகவும் நீளமாகவும் உள்ள கட்டடம். இருபக்கமும் அடுத்தவர் சுவர். ஜன்னல் வைப்பதற்கு முன்னும் பின்னுந்தான் இடம். இதை அறிந்தே பழைய காலத்துக் கொத்தனார்கள் நடுவில் வானம் பார்த்த முற்றம் ஒன்றை விட்டார்கள். வெளிச்சமும் காற்றும் அதன் வழியே இறங்கும். சூடும் புகையும் அதன் வழியே ஏறும். தண்ணீர்ப் புழக்கத்தையும் கழிவறையையும் பெரும்பாலும் பின்கட்டில் ஒதுக்கினார்கள். சிங்கப்பூரின் சுகாதார நிலையை ஆராய்ந்த சிம்ப்ஸன் என்ற நிபுணர் 1907ஆம் ஆண்டு அறிக்கையில், முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளுக்கு நடுவே பின்சந்துகள் திறக்க வேண்டுமென்று வற்புறுத்தியதும், காற்றும் துப்புரவும் கருதியே. அச்சந்துகளின் வழியாக வாளி எடுத்த வழக்கம் சிங்கப்பூரில் 1987இல்தான் முற்றும் ஒழிந்தது.

பின்கட்டிலிருந்த குளியலறை இப்போது வீட்டின் நடுவுக்கு வந்துவிட்டது. அறைக்கொன்று என்று கட்டுகிறோம். வசதிக்காகச் செய்வதைக் குறை கூறவில்லை. ஆனால், பின்கட்டில் இருந்தபோது வானத்துக்குப் போன ஈரம், நடுவில் வந்தபின் எங்கே போகும் என்று யோசித்துக் கட்டுவோர் சிலரே.

யோசித்தவர்களும் தவறும் இடம் ஒன்றுண்டு. "நாங்கள் சீலிங்கில் விடவில்லை, முற்றத்தில்தான் விட்டிருக்கிறோம்" என்பார்கள். போய்ப் பார்த்தால், மழைச்சாரல் வருகிறதென்றும் சரக்கு வைக்க இடம் வேண்டுமென்றும் முற்றத்தின் மேல் கண்ணாடித் தகடோ பிளாஸ்டிக் தகடோ போட்டு அடைத்திருப்பார்கள்! மூடிய முற்றம் வெளி அல்ல. அதுவும் ஓர் அறையே. இரண்டு மாடிக் குளியலறைகளின் ஈரமும் அதற்குள் சுற்றி, அடுக்கிய பெட்டிகளின் மேல் இறங்கும். நமது அபிப்பிராயத்தில், கடைவீட்டுக்காரர் செய்யக்கூடிய முதல் காரியம் காற்றாடி வாங்குவதல்ல. மூடிய முற்றத்துக்கு மூச்சுவிட வழி செய்வது. மேல்தகட்டை முழுதும் எடுக்க மனமில்லையென்றால், அதைச் சுவருக்கு மேல் ஓரடி உயர்த்தி, சுற்றிலும் சாரல் புகாதபடி சாய்ந்த பட்டைகள் வைக்கலாம். சூடான காற்று தானாக அவ்வழியே ஏறிப் போகும். அதன்பின் காற்றாடியை முற்றத்தில் விட்டால் தகும்.

சட்டமும் இதையே எதிர்பார்க்கிறது. மலேசியாவில் 1984இல் வந்த கட்டட உபவிதிகளின் 39ஆவது விதி, ஒவ்வொரு குளியலறைக்கும் கழிவறைக்கும் காற்றுத் தடையின்றிப் போய்வரக்கூடிய திறப்பு 0.2 சதுர மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டுமென்கிறது. ஏறக்குறைய ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. அமெரிக்காவில் வீடுகளுக்கான மாதிரிக் கட்டட விதிகள் குளியலறைக் காற்றைப் பரண்மேலோ தரைக்கடியிலோ விடலாகாதென்றும், நேரே வெளியில் விட வேண்டுமென்றும் வெளிப்படையாகவே கூறுகின்றன.

வெளி என்றால் எது? இறவாரத்தின் அடிப்பலகையில் ஓட்டையிட்டு அங்கே விடுவது வெளிபோலத் தோன்றும். ஆனால் அப்பலகையில் காற்றுத் துளைகள் இருந்தால், ஊதியது அப்படியே மேலேறிக் கூரைக்குள் நுழையும். கழிவுக்குழாயோடு இணைப்பது மகா தவறு. சாக்கடை வாயு வீட்டுக்குள் திரும்பிவிடும். ஐந்தடிப் பாதையின் மேலே விட்டால் வழிப்போக்கர் முகத்தில் அடிக்கும். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு எதிரே விட்டால் வேறு வினை வேண்டாம். பின்சந்தைப் பார்த்த சுவர், அல்லது உண்மையாகவே வானம் பார்த்த முற்றத்தின் சுவர், இவைதாம் நல்ல இடங்கள். கூரையைத் துளைத்து மேலே விடுவது கடைசி உபாயம். ஓட்டையைச் சுற்றிச் சரியாகத் தகடு மடிக்கத் தெரியாதவர் கைவைத்தால் ஈரத்தை விரட்டி மழையை அழைத்ததாகும்.

குளியலறையின் ஒரு சுவரோ ஜன்னலோ வெளியைப் பார்த்திருந்தால் குழாயே வேண்டியதில்லை. ஜன்னல் கண்ணாடி ஒன்றை எடுத்துவிட்டு அங்கேயே காற்றாடியை வைக்கலாம். சிங்கப்பூரின் வீவக வீடுகளில் பெரும்பாலும் இதற்கு வசதியுண்டு. இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை. இதைவிடச் சிறந்ததும் இல்லை.

குழாய் போட்டே ஆகவேண்டுமானால், எவ்வளவு குட்டையாகவும் நேராகவும் போட முடியுமோ அப்படிப் போட வேண்டும். காற்றாடியின் வாய் 4 அங்குலமானால் குழாயும் 4 அங்குலம். மிச்சப்படுத்த 3 அங்குலம் போட்டால் காற்று திணறும். நெளிநெளியாக நீட்டி மடக்கும் குழாயைச் சுருட்டியபடியே விட்டுவிடுகிறார்கள். அதன் நெளிவுகளே காற்றைத் தடுக்கும், தாழ்ந்த இடத்தில் தண்ணீரும் தேங்கும். வழவழப்பான பி.வி.சி. குழாயே மேல். அதை வெளிப்பக்கம் சரிவாக, அடிக்குக் கால் அங்குலம் இறக்கமாகப் போட்டால், உள்ளே வியர்க்கும் தண்ணீர் காற்றாடிமேல் திரும்பி வராமல் வெளியே சொட்டிவிடும். இறக்கை மட்டும் உள்ள மலிவான காற்றாடிகள் ஜன்னலுக்கும் சுவருக்கும் போதும்; பத்துப் பன்னிரண்டு அடிக் குழாயில் தள்ளுவதற்கு அவற்றுக்குச் சக்தி போதாது. அவ்விடத்தில் குழாயின் நடுவே பொருத்தும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். வெளிவாயில் கீழ்நோக்கிய மூடியும், காற்றாடி நின்றால் தானாகச் சாத்திக்கொள்ளும் தட்டும் அவசியம். இல்லையேல் மைனா கூடு கட்டும், குளவியும் குடியேறும். வலை போடுவோர் மிக நுண்ணியதாகப் போடலாகாது. பஞ்சும் தூசியும் அடைத்து ஆறு மாதத்தில் சுவராகிவிடும்.

அளவு விஷயத்தில் பெரிதாக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்தின் விதி குளியலறைக்கு வினாடிக்கு 15 லிட்டர் போதுமென்கிறது. அமெரிக்க வழக்கம் நிமிடத்துக்கு 50 கன அடி. 5 அடிக்கு 7 அடி, 8 அடி உயரமுள்ள அறையில் இருப்பது 280 கன அடிக் காற்று. 50 கன அடிக் காற்றாடி அதை ஆறு நிமிடத்துக்குள் ஒருமுறை மாற்றிவிடும்.

ஆனால் காற்று வெளியே போக வேண்டுமானால் உள்ளேயும் வர வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இறுக்கமாகச் சாத்திய கதவோடு காற்றாடி வீணாகக் கத்தும். கதவுக்கடியில் அரை அங்குலம் இடைவெளி விட்டால் நலம். குளித்ததும் தரைத் தண்ணீரை ரப்பர் துடைப்பானால் சாக்கடைக்குத் தள்ளிவிட வேண்டும். கைவேலை ஒரு நிமிடத்தில் செய்வதைக் காற்றாடி ஒரு மணி நேரத்தில் செய்யாது. குளித்தபின் பதினைந்து இருபது நிமிடம் ஓடவிட்டு நிறுத்திவிடலாம். நாள் முழுதும் ஓட்டுவது, ஏர்கண்டிஷன் உள்ள வீட்டில் கெடுதலாகவும் முடியும். அது வெளியேற்றும் அளவுக்கு ஈரமான வெளிக்காற்று இடுக்குகளின் வழியே குளிர்ந்த அறைகளில் புகுந்துகொள்ளும்.

அபாயங்களையும் சொல்லிவிடுகிறோம். பழைய கட்டடங்களின் சீலிங் அட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். கட்டடப் பொருள்களில் அதைச் சிங்கப்பூர் 1989இல் தடுத்துவிட்டது. அதற்கு முந்திய அட்டையானால் பரிசோதிக்காமல் அறுக்கவோ துளையிடவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குப் பொல்லாதது. மின்சார வேலையை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் விட வேண்டும். ஈரமான அறையில் மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்சு இல்லாமல் காற்றாடி கூடாது. கேஸ் வெந்நீர்க் கருவி உள்ள வீட்டில் இன்னும் எச்சரிக்கை தேவை: அடைத்த அறையில் பலமான காற்றாடி, கருவியின் புகையையே உள்ளே இழுத்துவிடும். அந்தப் புகையிலுள்ள நஞ்சுக்கு வாடையே கிடையாது. ஜார்ஜ் டவுன், மலாக்கா நகரங்களின் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதிகளிலும், சிங்கப்பூரின் பாதுகாக்கப்பட்ட கடைவீடுகளிலும் முகப்புச் சுவரில் கைவைக்குமுன் அதிகாரிகளின் அனுமதியைக் கேட்டுக்கொள்வது நலம்.

தங்கள் வீட்டில் இப்போது உள்ள காற்றாடி எப்படியிருக்கிறதென்று அறிய விரும்புவோர் ஓர் ஊதுபத்தி கொளுத்தினால் போதும். காற்றாடியை ஓடவிட்டு, பத்தியை அதன் வாயருகே பிடியுங்கள். புகை உள்ளே போகிறதா? போகாவிட்டால் கதவைச் சற்றுத் திறந்து பாருங்கள். அப்போது இழுத்தால் குறை காற்றாடியில் இல்லை, கதவில் இருக்கிறது. புகை நன்றாகப் போனால், ஒருவரைப் பத்தியோடு அங்கே நிறுத்திவிட்டு, மற்றொருவர் வெளியே சென்று பின்சுவரிலும் முற்றத்திலும் வாடை பார்க்க வேண்டும். வெளியே எங்கும் இல்லாமல், அடுத்த அறையிலோ சரக்கறையிலோ ஊதுபத்தி மணக்குமானால், குளித்த ஈரமும் நாள்தோறும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது.

புதிதாக வேலை கொடுப்போர், குழாயின் வெளிவாய் எந்தச் சுவரில் வரும் என்பதைக் கான்டிராக்டரிடம் முன்னதாகவே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சீலிங் பலகையை மூடுமுன் ஏணி வைத்து ஒருமுறை மேலே தலையை நீட்டிப் பாருங்கள். பாக்கிப் பணத்தை அதுவரை கையில் வைத்திருப்பதில் தவறில்லை.